பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

"அண்ணே, இதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுடலாமா?"

சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்து டியூஷனில் தம்பி ஒருவன் லேப்டாப்பை நீட்டினான். 4 ஜிபி ராம். விண்டோஸ் 7 ஸ்டிக்கர் பாதி உரிந்து, மிச்சப் பசையில் தூசி அப்பியிருந்தது. ஆன் செய்ததும் ஃபேன்தான் முதலில் கத்தியது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. 11 இதில் ஏறாது.

மிச்சம் லினக்ஸ்தான், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். அதில் பல வகை உண்டு; டிஸ்ட்ரோ என்பார்கள். எது வேண்டும் என்றதும் பையன்கள் திரையின் அழகைத்தான் பார்க்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும்?

உபுண்டு என்ற டிஸ்ட்ரோவின் இடைக்கால (நீண்ட ஆதரவு இல்லாத) வெளியீடுகளுக்கு 9 மாதம்தான். அதன் இலகு வடிவமான லுபுண்டு 24.04-க்கு 2027 ஏப்ரல் வரை. லினக்ஸ் மிண்ட் 22-க்கு 2029 வரை. மிண்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்புக்கு 4 ஜிபி ராம் போதும். (மிகப் பழைய 32-பிட் மிஷின் என்றால் கதை வேறு. டெபியன் என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் 13-ஆம் பதிப்பில் அதற்கு இன்ஸ்டாலரே கிடையாது.)

யாரோ ஒருத்தர் தனியாளாகப் பராமரிக்கும் டிஸ்ட்ரோ எவ்வளவு வேகமாக ஓடினாலும் படிக்கிற பிள்ளைக்கு வேண்டாம் என்பேன். அவர் விட்டுவிட்டால் யாரிடம் போய் நிற்பது?

மிண்ட்டைப் பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்த்தோம். வைஃபை உடனே பிடித்தது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டால் இன்னும் வேகமாக ஓடும். காசுக்கு அப்பாவைக் கேட்கிறானாம்.