மாமா கொடுத்த கூழாங்கல்

திருவள்ளூர்ப் பக்கம் கொசத்தலையாற்றங்கரையில் மாமா பொறுக்கிக் கொடுத்த, ஏற்கெனவே இரண்டாக உடைந்திருந்த கூழாங்கல் ஒன்று, சிங்கப்பூரின் அங் மோ கியோ வீட்டில் என் மேசைமேல் இருக்கிறது. (அது கற்காலக் கருவி அன்று, கருவியாக இருந்திருந்தால் எடுத்து வந்திருக்கவே மாட்டேன்.) 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லால் ஆனது என்பதால், இதுவும் அந்தக் கல்தானா என்று பார்க்கத் தோன்றியது.

முதலில் மணற்கல் என்றே நினைத்தேன். ஆனால், உடைந்த முகத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, பிளவு மணல்மணிகளைச் சுற்றி வளைந்து செல்லாமல் அவற்றை ஊடறுத்தே சென்றிருந்தது. மணற்கல்லில் மணிகளுக்கு இடையிலுள்ள பிணைப்புதான் முதலில் விட்டுப்போகும். குவார்ட்சைட்டிலோ வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மணிகள் ஒன்றோடொன்று இறுகிவிடுவதால், மணியும் பிணைப்பும் ஒருசேர உடைந்து கூரிய விளிம்பு கிடைக்கிறது. கற்கால மனிதருக்கு வேண்டியிருந்ததும் அந்த விளிம்புதான்.

விரலால் தேய்த்தும் ஒரு மணல்கூட உதிரவில்லை; பழைய கண்ணாடிப் புட்டியில் கீறல் விழுந்தது; வினிகர் பட்டும், சுண்ணாம்புக்கல் நுரைப்பதுபோல் இது நுரைக்கவில்லை. இங்குள்ள புலாவ் உபின் தீவின் கருங்கல்லும் கண்ணாடியைக் கீறும் என்பதால் கடினத்தை மட்டும் நம்பிவிட முடியாது. ஆனால், அதில் வெள்ளையும் கறுப்புமாகப் பல கனிமங்கள் வெறும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். இதில் அப்படி எதுவும் இல்லை. குவார்ட்சைட்தான் என்று மாமாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.