அம்மம்மாவின் கை போகும் சுவிச்

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் அம்மம்மாவின் வீடு 1970களில் கட்டியது. போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது கூரையும் கதவும் இல்லை, கனத்த சுவர்கள் மட்டும் நின்றன. அந்தச் சுவர்களை இடிக்க அம்மம்மா விடவில்லை. அதன் மேலேயே ஓடு போட்டோம்.

அம்மம்மாவுக்கு இப்போது 81 வயது. கழிப்பறை முற்றத்துக்கு அப்பால். மாரியில் பாம்பு திரியும் இடம். இரவில் அவர் எழும்பினால் விறாந்தையிலும் முற்றத்திலும் தானாக வெளிச்சம் வரவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

சாதனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பனி. கனடாவிலிருந்து மாமா அனுப்பிய ஸ்மார்ட் பிளக் 120 வோல்ட்டுக்கானது, இங்கே 230. அதை எடுத்து வைத்துவிட்டேன். அவரே அனுப்பிய அசைவு சென்சார்கள் பற்றரியில் ஓடும் ஸிக்பீ வகை (சாதனங்கள் கிட்டத் தூரத்தில் வயரில்லாமல் பேசிக்கொள்ளும் முறை) என்பதால் இங்கேயும் வேலை செய்தன. எல்லாவற்றையும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளில் சேர்த்து, ராஸ்பெரி பை என்ற கையளவு கம்பியூட்டரில் ஓட விட்டேன். ஸிக்பீக்கு இன்டர்நெட் தேவையில்லை. மழைக்கு இன்டர்நெட் லைன் போனாலும் லைற் எரியும்.

சுவர்தான் முதலில் மறித்தது. முற்றத்துச் சென்சாரின் சிக்னல் அறைக்குள் வரவில்லை. பற்றரியில் ஓடும் ஸிக்பீ சாதனம் மற்றதின் செய்தியைக் கடத்தாது, கறண்டில் ஓடுவதுதான் கடத்தும். குசினி ஜன்னலோரம் ஒரு ஸிக்பீ பிளக் குத்தியதும் சரியாகிவிட்டது.

பிறகு சுவிச். சென்சார் சொல்ல லைற்றைப் போட்டு நிறுத்துவது சுவிச்சுக்குப் பின்னால் வைக்கும் ரிலே மொடியூல் என்ற சின்னக் கருவி. எங்களுடையதற்கு நியூட்ரல் (கறண்ட் திரும்பிப் போகும் வயர்) வேண்டும், எங்கள் சுவிச் பெட்டிகளுக்குள் அது இல்லை. நல்லகாலம், காசில்லாத நேரத்தில் செய்த வயரிங், சுவருக்கு வெளியே பிளாஸ்ரிக் கேசிங்கில் போகிறது. வயரிங் அண்ணை மெயினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, அரை நாளில் நியூட்ரல் இழுத்துவிட்டார். சுவரை வெட்டி வயரைப் புதைத்திருந்தால் இது நடந்திராது.

அம்மம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உந்தச் சுவிச்சை மட்டும் மாத்திப் போடாத அப்பன். இருட்டிலயும் கை தானாப் போற இடம்." அதனால் பழைய சுவிச்சை ரிலேயோடு இணைத்து, அதே இடத்தில் வைத்தோம். சென்சார் பழுதானாலும் அவர் கை போட்டால் லைற் எரியும். தொடக்கத்தில் இதை நான் யோசிக்கவே இல்லை. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கறண்ட் போய்த் திரும்பும்போது படுக்கையறை ஸ்மார்ட் பல்ப் தானாக எரிந்து அம்மம்மாவை எழுப்பியது. முன்பிருந்த நிலைக்கே திரும்பும்படி அதன் அமைப்பை மாற்றினேன்.

இனிக் கிணற்று மோட்டர். தொடங்கும்போது அது பல மடங்கு கறண்ட் இழுக்கும், சின்ன ரிலே தாங்காது. கொன்டாக்டர் (கூடின கறண்டைத் தாங்கும் பெரிய ரிலே) வைக்க அண்ணை சனிக்கிழமை வருகிறார்.