பாரன் கிரவுண்ட்ஸ் புதர்வெளியில் ஒரு பறவை நடை

சிட்னியிலிருந்து தெற்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காரில் சென்றால், ராபர்ட்சன் என்னும் சிற்றூருக்கும் ஜம்பரூ பள்ளத்தாக்குக்கும் இடையே, இல்லவாரா மலைவிளிம்பின் மேல் பாரன் கிரவுண்ட்ஸ் இயற்கைக் காப்பகம் அமைந்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த மணற்கல் மேட்டுநிலத்தில் மண்ணுக்கு வளம் குறைவு, மழைநீரும் எளிதில் வடிவதில்லை. ஆகவே பெருமரங்கள் ஓங்காமல், பேங்க்சியா, ஹேக்கியா போன்ற குறும்புதர்களும் கோரைகளும் நெருக்கமாகப் பரவியிருக்கின்றன.

கிரிஃபித்ஸ் பாதை இங்கே 8 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றுவழி. ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பதால் வயதானவர்களும் சிரமமின்றி நடக்கலாம். பறவைகளுக்காக வருபவர் மட்டும் அரை நாளையாவது ஒதுக்கிக்கொள்வது நல்லது.

விடியலுக்கு முன்பே அங்கு சேர வேண்டும் என்று நான் விரும்பியதற்குத் தரைக்கிளியே காரணம். பச்சை உடலில் கறுப்பும் மஞ்சளுமாக வரிகள் ஓட, நெற்றியில் சிறு சிவப்புப் பட்டையுடன் இருக்கும் இந்தக் கிளி, மரப்பொந்தை நாடாமல் புதரடியில் தரையிலேயே கூடு கட்டுகிறது. பகலில் விதைகளைத் தேடியபடி கோரைகளுக்குள் மறைந்து திரிவதால் அது கண்ணில் படுவது அரிது. ஆனால் கதிர் எழுமுன்னும் மாலை மயங்கிய பின்னும் சிறிது நேரம் குரல் கொடுக்கும். இருள் கலையாத அந்த வேளையில், படிப்படியாக மேலேறும் தெளிவான சீழ்க்கை ஒன்று எழ, வெளியின் மறுகோடியிலிருந்து இன்னொன்று பதில் தந்தது. பறவையைக் காணாதது எனக்குக் குறையாகவே படவில்லை.

வெளிச்சம் வந்ததும் பேங்க்சியாப் பூங்கதிர்களைச் சுற்றி நியூ ஹாலந்து தேனுண்ணிகள் ஓயாமல் பறந்தன. வளைந்த நீள அலகு கொண்ட ஸ்பைன்பில் பறவையும் அவற்றிடையே தேன் குடித்தது. பாதை மரச்செறிவுக்குள் நுழையும் இடங்களில் விப்பேர்ட் என்னும் பறவையின் ஆண் சாட்டையைச் சொடுக்கியதுபோல் ஒலிக்க, பெண் அக்கணமே மறுமொழி தருகிறது; இரண்டும் ஒரே பறவையின் பாட்டு என்றே கேட்பவர் நினைக்கக்கூடும். தெற்கத்திய ஈமு-ரென்னைக் கண்டதுதான் எனக்குப் பெருமகிழ்ச்சி: உள்ளங்கைக்குள் அடங்கும் உடல், அதைவிட நீண்ட வால், அந்த வாலில் ஈமுவின் இறகைப்போல் இழையிழையாகப் பிரிந்த ஆறே இறகுகள். ஆண் பறவையின் தொண்டையில் வெளிர் நீலம் மின்னியது.

சுற்று முடியும் தறுவாயில் பழுப்பு நிறப் பறவையொன்று பாதையைக் குறுக்காக ஓடிக் கடந்தது. கிழக்கத்திய பிரிசில்பேர்ட்! அழிவின் விளிம்பிலுள்ள இப்பறவைக்கு எஞ்சியிருக்கும் மிகச் சில வாழிடங்களில் இதுவும் ஒன்று. சிறகு வலிமை குறைந்த அது, அடர்ந்த புதரையே நம்பி வாழ்கிறது; காட்டுத்தீ பரவினால் எரியாத ஓடைச்சரிவைத் தேடித்தான் தப்ப வேண்டும். ஆனால் பேங்க்சியாவும் ஹேக்கியாவும் விதைகளை வெளிவிடத் தீயையே பெரிதும் எதிர்பார்த்திருக்கின்றன. எனவே தீயை முற்றிலும் தடுப்பதும் தீர்வாகாது. வெளி முழுவதும் ஒருசேர எரியாமல் காப்பதே இங்கு முதன்மையான பணி. ஒரே தீயில் ஓரினம் அழிந்துவிடக் கூடாது என்ற கவலையோடுதான், 2003 முதல் 2005 வரை, இங்கிருந்து தெற்கே கடலோரத்தில் உள்ள ஜெர்விஸ் விரிகுடாவின் தென்பகுதியில் பிடித்த பிரிசில்பேர்ட்களை வடபுறத்து பீக்ராஃப்ட் தீபகற்பத்தில் விட்டனர். அங்கே அவை இனம் பெருக்கத் தொடங்கின.