ரேடியோவைக் குறை சொல்லுமுன் 3.3 வோல்ற்றைப் பாருங்கள்

மொட்டைமாடித் தாங்கியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று வீட்டுக்குள் இருந்தே பார்க்க, ஒரு அர்டுயினோ நானோவும் (புரோகிராம் ஏற்றும் சின்னப் பலகை) ஒரு என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் ரேடியோ மொடியூலும் மேலே, அதேபோல இன்னொரு சோடி கீழே. மேசையில் ஒழுங்காக வந்த தகவல், மேலே கொண்டுபோய்ப் பூட்டியதும் விட்டுவிட்டு வரும், பிறகு நின்றே போகும். உடனே புரோகிராமில் கை வைக்காதீர்கள். முதலில் பார்க்கவேண்டியது மின்சாரம்.

அன்டெனா திருகிப் பூட்டும் பெரிய மொடியூல் அனுப்பும் கணத்தில் 100 மில்லி அம்பியருக்கு மேல் இழுக்கும். நானோவின் 3.3 வோல்ற் காலில் கிடைப்பது கூடினால் 50. அந்த ஓரிரு மில்லிசெக்கனில் வோல்ற்று விழ, சிப் தடுமாறும். மல்ற்றிமீற்றர் இதைப் பிடிக்காது. சராசரியைக் காட்டிக்கொண்டு 3.3 என்றே நிற்கும். அதை நம்பித்தான் நாள்கணக்கில் அலைய நேர்கிறது.

மருந்து மலிவு: 47 அல்லது 100 மைக்ரோஃபரட் எலக்ட்ரோலிற்றிக் கபாசிற்றர் ஒன்று, கூடவே 0.1 மைக்ரோஃபரட் செராமிக் ஒன்று. மொடியூலின் மூலையில் அருகருகே இருக்கும் விசிசி (மின்சாரம் உள்ளே போகும் கால்), கிரவுண்ட் கால்களிலேயே ஈயம் வைத்துப் பிடிக்கவேண்டும். எலக்ட்ரோலிற்றிக்கில் கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு. பிரட்போர்டின் மறுகோடியில் குத்தினால் இடையிலுள்ள வயரே பாதிப் பயனைத் தின்றுவிடும். பெரிய மொடியூலுக்கு இது போதாது. றெகுலேற்றர் (வோல்ற்றை 3.3க்கு இறக்கி நிலையாக வைக்கும் சிப்) பூட்டிய எட்டுக்கால் அடாப்டர் பலகை வேண்டும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் கேட்டுப்பாருங்கள். அதில் ஏஎம்எஸ்1117 றெகுலேற்றர் இருந்தால் 5 வோல்ற்று கொடுங்கள். அது தனக்கென்று ஒரு வோல்ற்றளவு எடுத்துக்கொள்ளும், ஆகவே ஒற்றை லித்தியம் செல் சரிவராது. மொடியூலுக்கே நேரடியாக 5 கொடுத்தால் எரிந்து போய்விடும். அதன் எல்லை 3.6.

மின்சாரம் சரியா? இனி இந்த மொடியூலுக்கான ஆர்எஃப்24 லைப்ரரியில், அதன் அமைப்புகளைத் திரையில் காட்டும் பிரிண்ட் டீட்டெயில்ஸை ஓடவிடுங்கள். நீங்கள் கொடுத்த முகவரி தெரிந்தால் வயரிங் நல்லது. எல்லாம் பூச்சியமாகவோ எஃப்எஃப் ஆகவோ வந்தால் நானோவின் 11, 12, 13 கால்களையும், மொடியூலின் சிஎஸ்என் காலுக்குப் போகும் வயரையும் பாருங்கள்.

அடுத்தது சேனல். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைஃபை ரவுட்டர். லைப்ரரி தானாக எடுக்கும் 76 என்பது 2476 மெகாஹேர்ட்ஸ். வைஃபை 13ஆம் சேனல் அதன்மேல் விழும். 82 பெரும்பாலும் அமைதி. 125 வரை எண் இருக்கிறதே என்று மேலே போகவேண்டாம். 83ஐத் தாண்டினால் உரிமம் இல்லாமல் பாவிக்கும் பொது அலைப் பட்டைக்கு வெளியே.

வேகத்தை 250 கிலோபிட்டுக்கு இறக்குங்கள். தண்ணீர்மட்டத்துக்கு அதுவே தாராளம், 2 மெகாபிட்டைவிட ஏறத்தாழ 12 டெசிபல் கூடுதலாகக் காது கேட்கும். 'பிளஸ்' இல்லாத பழைய சிப்பில் மட்டும் இந்த வேகம் கிடையாது.

மேசைச் சோதனையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து முழுப் பவரில் ஓட்டினால் வாங்கும் பக்கம் திணறும். பவரை லோவில் வைத்து, இரண்டு மீற்றராவது தள்ளி வையுங்கள்.

மாடியில் பூட்டும்போது மொடியூலுக்கும் வீட்டுக்கும் நடுவில் தாங்கி நிற்கக்கூடாது. இந்த 2.4 ஜிகாஹேர்ட்ஸ் ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கும். தாங்கி காலியாகும்போது வேலை செய்து, நிறைந்ததும் நின்றால் காரணம் அதுதான்.