பழுது வேறு, சேதம் வேறு: காவல்துறை இழுத்துச் சென்ற லாரிக்கு இழப்பீடு கேட்ட அனுபவம்

தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழித் தீவன ஆலை ஒன்றுக்கு 20 டன் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வந்த எனது 12 சக்கர லாரி, தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்தில், அதிகாலை ஐந்து மணிக்கு நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. பின் ஆக்ஸிலின் பிரேக் சேம்பருக்கு, அதாவது பிரேக்கை இயக்கும் உருளைக்கு, செல்லும் ஏர் ஹோஸ் (காற்றுக் குழாய்) வெடித்துக் காற்று முழுவதும் இறங்கிவிட்டதுதான் காரணம். லாரியின் ஸ்பிரிங் பிரேக்கைக் காற்றுதான் பிடிக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் காற்று அதை விடுவித்து வைத்திருக்கிறது. காற்று போய்விட்டால் உள்ளேயுள்ள கனத்த ஸ்பிரிங் விரிந்து சக்கரங்களை இறுக்கிக்கொள்ளும். சேம்பரின் பின்னாலுள்ள போல்ட்டை ஏற்றிச் சக்கரத்தைக் கையாலேயே விடுவிக்கலாம் என்றாலும், முன்னால் இறக்கம் இருக்கையில் முழு லோடுடன் அரைகுறை பிரேக்கை நம்பி வண்டியை எடுக்க எனக்குத் துணிவில்லை.

வண்டி இடது ஓரத் தடத்தில் பாதியும் மண் ஓரத்தில் பாதியுமாக நின்றது. முக்கோணப் பலகையை வைத்து, அதற்கும் பின்னால் வழக்கம்போல் கல்லும் வேப்பங்கிளையும் போட்டுவிட்டு, நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்துச் சொன்னேன். பிறகு மாற்று ஓட்டுநரை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, புதிய ஹோஸ் வாங்குவதற்காக ஒரு பால் வண்டியில் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனேன். உதிரிபாகக் கடை எட்டு மணிக்கு மேல்தான் திறந்தது. ஒன்பதரைக்கு நான் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வேப்பங்கிளை மட்டும்தான் கிடந்தது.

ஒரு முக்கியப் பிரமுகரின் வாகன வரிசை அவ்வழியே வரவிருந்ததால், காவலர்கள் தனியார் கிரேன் ஒன்றை வரவழைத்து வண்டியை அகற்றியிருக்கிறார்கள். மாற்று ஓட்டுநர், பிரேக் இறுகியிருக்கிறது, அரை மணி நேரம் பொறுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். அதைக் கேட்காமல் முன்பக்கத்தைத் தூக்கி, இறுகிய பின் சக்கரங்களோடு ஏறக்குறைய 150 மீட்டர் இழுத்த பிறகுதான், டயர் புகைவதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே கிரேன் ஆட்கள் போல்ட்டை ஏற்றிச் சக்கரங்களை விடுவித்து, காவல் நிலையத்தில் இடமில்லை என்பதால் 18 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு திடலுக்கு இழுத்துப் போனார்கள். கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றவே இல்லை.

அந்த ஒரு வேலையை விட்டதன் விளைவு என்னவென்று இத்தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பின் சக்கரம் தரையில் உருளும்போது ஷாஃப்ட்டும் அதனோடு கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டும் சுற்றும். ஆனால் இன்ஜின் ஓடாததால் கீழேயுள்ள கவுண்டர் ஷாஃப்ட் சுற்றாது, அடியில் கிடக்கும் எண்ணெய் மேலே தெறிக்காது, மேல் பேரிங்குகள் காய்ந்தபடியே சுற்றித் தீயும். நான் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கியர்பாக்ஸின் பின்புறத்தில் கை வைக்க முடியவில்லை. பக்கத்தில் குனிந்தாலே கருகிய எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. பின் ஆக்ஸிலின் நான்கு டயர்களும் ஒரே இடத்தில் சப்பையாகத் தேய்ந்து, இரண்டில் உள்நூல் வெளியே தெரிந்தது.

சாலையில் அகற்றவேண்டிய நிலையில் நிற்கும் வாகனத்தை அகற்றக் காவல்துறைக்கு அதிகாரம் இல்லை என்று நான் எந்த இடத்திலும் வாதாடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. இழுத்த செலவை உரிமையாளர் கொடுக்கவேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. எனது வழக்கு முழுவதும் அகற்றிய விதத்தைப் பற்றியதுதான். இந்த வேறுபாட்டை முதல் நாளே மனத்தில் இருத்திக்கொண்டது பிறகு வெகுவாக உதவியது. ஏனெனில் அடுத்த ஏழு மாதங்கள் நான் சந்தித்த ஒவ்வொருவரும், வண்டி ஏற்கெனவே ரிப்பேர்தானே என்ற ஒரே வாக்கியத்தால் இரண்டையும் கலந்துவிடப் பார்த்தார்கள். 600 ரூபாய் ஹோஸ் என் பழுது. டயரும் கியர்பாக்ஸும் அவர்கள் செய்த சேதம். எழுதிய ஒவ்வொரு காகிதத்திலும் இவ்விரண்டையும் தனித்தனிப் பத்தியாகவே எழுதினேன்.

அன்று மாலை நிலையத்தில் வண்டியை விடுவிக்க முன்வந்தார்கள். கிரேன் வாடகையாக 9,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது தரமுடியாது என்றவரிடம், ரசீது இல்லாமல் பணம் இல்லை என்று பணிவாகவே சொல்லி உட்கார்ந்திருந்தேன், இருட்டிய பிறகு வந்தது. அடுத்து நிலைய எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். அதில், வாகனத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று முன்பே எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்துக்கு மேல், பின் ஆக்ஸில் டயர்கள் நான்கும் கியர்பாக்ஸும் இழுத்து வந்ததில் சேதமடைந்த நிலையில் பெற்றுக்கொள்கிறேன் என்று நான் எழுதத் தொடங்கியதும் அவர் தாளைப் பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். நிற்கட்டும் ஐயா, எப்படியும் ஓடாத வண்டிதானே என்றேன். கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து வந்த ஆய்வாளர், எழுதிவிட்டுப் போகட்டும் விடுய்யா என்று சொல்ல, எழுதிக் கையெழுத்திட்டு, தாளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன். ஏழு மாத அலைச்சலில் எனக்குக் கிடைத்த ஆவணங்களில் அந்த ஒன்றரை வரிக்கு ஈடான வேறொன்று இல்லை.

சோளத்தை மறுநாள் வேறு லாரிக்கு மாற்றி அனுப்பினேன். எனது வண்டியை மட்டும் திடலைவிட்டு நகர்த்தவில்லை. பழுதான வாகனத்தைச் சரிசெய்யாமல் ஓட்டினால் அதனால் கூடும் சேதத்துக்குக் காப்பீடு பொறுப்பேற்காது என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. ஆகவே முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் அங்கேயே வந்து பார்த்துப் படமெடுத்த பிறகு, இம்முறை ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்கு இழுத்துச் சென்றோம்.

சர்வேயர் நல்ல மனிதர்தான், ஆனால் முதல் வார்த்தையாகவே, இயந்திரக் கோளாறு பாலிசியில் வராது என்றார். அது சரிதான், மெக்கானிக்கல் பிரேக்டவுன் எந்த வாகனப் பாலிசியிலும் விலக்குதான். ஆகவே கோரிக்கைப் படிவத்தில் சேதத்தின் காரணம் என்ற கட்டத்தில் பிரேக்டவுன் என்ற சொல்லையே நான் எழுதவில்லை. மூன்றாம் தரப்பினர் தவறான முறையில் கிரேனால் இழுத்ததால் ஏற்பட்ட சேதம் என்று எழுதினேன். அதற்குக் காவல்துறை ஆவணம் வேண்டும் என்று சொல்லிக் கோரிக்கையை ஏற்க மறுத்துவிட்டார்கள். காவல் நிலையத்திலோ, தங்கள் மீதே புகாரைப் பெற்று மனு ரசீது தர யாரும் ஆயத்தமாக இல்லை.

இங்கே மூன்று வேலைகளை ஒரே வாரத்தில் செய்தேன். நிலையத்தில் புகாரை ஏற்க மறுத்தால் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வழிசெய்யும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவைக் குறிப்பிட்டு, புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பினேன். புதன்கிழமை மனு நாளில் அதன் நகலை நேரிலும் கொடுத்தேன். அடுத்து, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, அந்த நாளுக்குரிய காவல் நிலையப் பொது நாட்குறிப்புப் பதிவு, கிரேனை வரவழைத்த உத்தரவு, கிரேனின் பதிவெண் ஆகியவற்றைக் கேட்டேன். காரணம் கேட்டு, கருத்துக் கேட்டு எழுதினால் தட்டிக்கழித்துவிடுவார்கள் என்பதால் நகல்களை மட்டுமே கேட்டேன். மூன்றாவதாக, பணிமனையின் சேவைப் பொறியாளரிடம் கியர்பாக்ஸைத் திறக்கும்போது உடனிருக்க அனுமதி வாங்கி, நீலம் பாய்ந்த பேரிங்கையும் அடியில் அளவு குறையாமல் நின்ற எண்ணெயையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து, எண்ணெய் இல்லாததால் தீயவில்லை, எண்ணெய் சுற்றாததால் தீய்ந்தது என்று எழுத்தில் வாங்கினேன். வண்டியோடு கொடுக்கும் உரிமையாளர் கையேட்டில் இழுத்துச் செல்லும் முறை பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக டேஷ்போர்டுக்குள் பிரிக்காமல் கிடந்த அந்தப் புத்தகத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகு வந்தது. நாட்குறிப்பில் கிரேன் எண்ணும் நேரமும் இருந்ததோடு, ஓட்டுநர் ஆட்சேபித்ததாகவும் ஒரு வரி இருந்தது. காவலர் தமது பாதுகாப்புக்காக எழுதிவைத்த அந்த வரி எனக்குச் சாட்சியாக அமைந்தது: ஓட்டுநர் ஆட்சேபித்தார் என்றால் வண்டி கைவிடப்பட்டு நிற்கவில்லை, பிரேக் நிலையும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. 1033-க்கு நான் பேசிய அழைப்பின் நேரமும் இதனோடு பொருந்தியது.

இந்த நகல் போனதும் காப்பீட்டு நிறுவனம் மறுப்பை விலக்கிக்கொண்டது. ஆனால் கையில் வந்த தொகை கணக்கில் போட்டதைவிட மிகவும் குறைவு. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் ஓடும் வண்டி என்பதால் உலோகப் பாகங்களுக்கு 35 விழுக்காடு தேய்மானம் பிடித்தார்கள். டயருக்கு 50 விழுக்காடு. வணிக வாகனத்தில் டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் கிடைக்காது, வண்டியின் வேறு பாகமும் அதே நேரத்தில் சேதமாகியிருந்தால்தான் பாதி கிடைக்கும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.  மொத்தச் செலவு 1,86,000 ரூபாய். காப்பீட்டிலிருந்து வந்தது 94,000.

மீதித் தொகைக்கு வழக்கறிஞரைப் பார்த்தேன். அரசின் மீது உரிமையியல் வழக்குப் போடுவதற்கு முன், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். காவலர்கள் பணியில் செய்த பிழைக்கு அரசு பொறுப்பாகாது என்று 1964-இல் கஸ்தூரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் என்றும், அதிகாரிகள் கைப்பற்றிய பொருள் அவர்களது கவனக்குறைவால் கெட்டால் அரசு ஈடு தரவேண்டும் என்ற 1994-ஆம் ஆண்டு நாகேந்திர ராவ் தீர்ப்பை நாம் காட்டலாம் என்றும் அவர் விளக்கினார். கூடவே, கிரேன் உரிமையாளரை மறந்துவிடாதீர்கள் என்றார். அதுவரை எனது கோபம் முழுவதும் சீருடையின் மேலேயே இருந்ததால், ஷாஃப்ட்டைக் கழற்றாமல் இழுத்த கை யாருடையது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அறிவிப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய சமரச மனு ஒன்றைக் கட்டணம் ஏதுமின்றிக் கொடுத்தேன். முதல் அமர்வுக்குக் கிரேன்காரர் வரவில்லை. இரண்டாவது அமர்வுக்கு வந்தார். ஓர் உதவி ஆய்வாளரும் வந்திருந்தார். போலீஸ் அவசரப்படுத்தியது, நான் என்ன செய்ய என்று கிரேன்காரரும், தொழில் தெரிந்தவர் அவர்தானே என்று உதவி ஆய்வாளரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டதைப் பார்த்தபோது, இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்ததே பாதி வேலை என்று தோன்றியது. கிரேன்காரர் வாடகை 9,000 ரூபாயையும் அதற்குமேல் 40,000 ரூபாயையும் இரண்டு தவணைகளில் தர ஒப்புக்கொண்டார். காவல்துறைத் தரப்பிலிருந்து பணம் எதுவும் வரவில்லை. அந்த ஆய்வாளருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்திருப்பதாக மட்டும் கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

வண்டி நின்ற 23 நாட்களின் வாடகை இழப்பும் அந்த மாதம் தவறிய டியூவும் (வண்டிக் கடன் தவணை) யார் கணக்கிலும் ஏறவில்லை. அதற்கு அரசின் மீது வழக்குத் தொடரலாம் என்று வழக்கறிஞர் சொல்கிறார். நடை வருமானத்தை நிரூபிக்க முந்தைய ஆறு மாத லாரி வாடகை ரசீதுகளைத் தேடி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். நான்கு மாதத்துக்கானவை கிடைத்திருக்கின்றன.