வெள்ளிக்கிழமை செய்துமுடிக்கும் ஓய்வுநாள்

வேலையை விட்டு ஆராதனைக்கென்று சனிக்கிழமையை ஒதுக்கும் ஓய்வுநாள் பாரமாகிப்போன வீடுகளில் கோளாறு பெரும்பாலும் சனிக்கிழமையில் இல்லை, வெள்ளிக்கிழமையில் இருக்கும். வேதக் கணக்கில் நாள் பிறப்பது சாயங்காலத்தில்; அதனால் ஓய்வுநாள் வெள்ளி அஸ்தமனத்திலேயே தொடங்கிவிடும். சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் 5.40 சுமாருக்கே இறங்கிவிடும்; ஜூலைத் தொடக்கத்தில் 6.40 ஆகும். வருஷம் முழுக்க ஆறு மணி என்றே வைத்துக்கொண்டால் நவம்பரில் குக்கர் விசிலோடுதான் ஜெபம் தொடங்கும். காலண்டரில் அஸ்தமனம் பார்த்து, அதற்கு அரைமணி முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆறாம் நாளில் தலைக்கு 2 ஓமர் (அக்கால அளவு) மன்னா, அதாவது தேவன் தந்த ஆகாரம், சேர்த்தார்கள், சுடவேண்டியதைச் சுட்டு, வேவிக்கவேண்டியதை வேவித்து வைக்கச் சொன்னார் மோசே (யாத்திராகமம் 16). நம் சமையலறைக்கும் அதே ஏற்பாடுதான். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியக் கொதிக்கவிட்டு வெள்ளி மதியமே எடுத்துவையுங்கள். சோற்றை இரவே ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தயிர்சாதத்தில்தான் பலரும் சறுக்குவது: காலையிலேயே தயிரை அள்ளி ஊற்றினால், ஆராதனை முடிந்து வருவதற்குள் புளித்துவிடும். 1 டம்ளர் அரிசியின் சோற்றைக் குழைத்து, வெதுவெதுப்பான பால் 2 டம்ளர், தயிர் 1 ஸ்பூன். மதியத்துக்குப் பதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னி பக்கமே போகாதீர்கள்.

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய நான்காம் கட்டளையில் குமாரன், குமாரத்தி, வேலைக்காரி, மிருகஜீவன், அந்நியன் என்று எல்லாரும் வருகிறார்கள். மனைவி தனியாக இல்லை. "நீ" என்பதிலேயே அவளும் அடக்கம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எத்தனை வீடுகளில் அவள் மட்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்! அன்றைக்கு வாழையிலை போடுங்கள். அல்லது தட்டை அவரவர் கழுவட்டும்.

'சனிக்கிழமை ஓய்வு அட்வென்டிஸ்ட் (சனிக்கிழமையை ஆசரிக்கும் ஒரு சபை) மிஷனரிகள் கொண்டுவந்தது' என்பவர்களுக்கு ஒன்று: அவர்கள் இங்கே வருவதற்கு முன்பே, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்தில், ஆங்கிலிக்கன் மிஷனரிகளோடு முரண்பட்டு 1857-இல் பிரிந்த உள்ளூர்க் கிறிஸ்தவர் சட்டாம்பிள்ளையின் சபையார் சனிக்கிழமையைத்தான் ஆசரித்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிதான் சோதனை. தூக்கம் கலைந்திருக்கும், கை தானாகப் போனைத் தேடும். ஏசாயா 58:13 ஓய்வுநாளை "மனமகிழ்ச்சியின் நாள்" என்கிறது. பிள்ளைகள் காதில் விழுவதோ "அதைத் தொடாதே, இதைச் செய்யாதே" மட்டும். அன்றைக்கு மட்டும் வெளியே வரும் பெட்டி ஒன்று வைத்திருங்கள்: வேதாகமப் படப்புதிர், வண்ணப் பென்சில், கொஞ்சம் கடலைமிட்டாய். வெயில் தாழ்ந்ததும் குளத்தங்கரைக்கோ கடற்கரைக்கோ நடந்துவிட்டு வாருங்கள். கமிட்டிக் கூட்டத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுங்கள். அது வேலைதான், சபைக்குள் நடந்தாலும்.