மூக்குக்குக் கீழே ஒரு குப்பி, எதிரே ஒரு மனிதர்

எங்கள் வீடு ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பம் ஊர்ப் பக்கம். அப்பா வேலை பார்த்தது வாணியம்பாடியில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில். உப்புத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடி எடுக்கும் பகுதி. அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகின முட்டை போல வீசும். சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் துணியில் மிச்சம் இருக்கும். ஜோலார்பேட்டையில் மாறி வரும் ரயிலில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவார். "கப்பு அடிக்குது" என்று காதுபடவே சொல்வார்கள். அப்பா கதவோரம் நின்றே வந்து பழகிவிட்டார்.

அதனால்தான், வாடைக்கும் மனிதர்கள் தள்ளி நிற்பதற்கும் உள்ள தொடர்பை வி.ஆரில் (கண்ணில் மாட்டும் ஹெட்செட் காட்டும் மெய்நிகர் உலகத்தில்) அளக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் உடனே பேர் கொடுத்தேன். ஒரு கல்லூரி மாணவியின் ப்ராஜெக்ட் அது.

சென்ட், பவுடர் வேண்டாம், முந்தின இரவு பூண்டு வேண்டாம், சளி இருந்தால் வேறு நாள் வரலாம் என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார்கள். போனதும் ஒப்புதல் படிவம், அப்புறம் மூக்குச் சோதனை. ஸ்கெட்ச் பேனா மாதிரியான குச்சிகளை முகர்ந்து என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். இது சீக்கிரம் முடிந்தது.

அடுத்து 12 கேள்விகள். உடல் வாடை நமக்கு எவ்வளவு அருவருப்பு தருகிறது என்று அளக்க 2017-ல் வெளியான அளவுகோல். பாதிக் கேள்விகள் நம் உடம்பைப் பற்றியவை, பாதி பிறருடைய உடம்பைப் பற்றியவை. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஜோனாஸ் ஓலோஃப்சனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதை வைத்து, கற்பனையான ஓர் அகதிக் கூட்டத்தைப் பற்றி மக்களிடம் கேட்டிருக்கிறார்கள். உடல் வாடையை அதிகம் அருவருப்பவர்களிடம் அந்த இல்லாத மனிதர்கள் மீதான வெறுப்பும் சற்றுக் கூடுதலாக இருந்ததாம். அந்த அகதிகளை ஒருவரும் முகர்ந்ததே கிடையாது! இதை மாணவி சொன்னபோது எனக்கு ரயில் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

ஹெட்செட் மாட்டுவதற்கு முன் ஒன்று கேட்டு வாங்குங்கள்: முகத்தில் படும் பஞ்சுக்குப் புது உறை. முந்தி மாட்டினவரின் வேர்வை அதில் ஊறியிருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அந்த நெடியும் மூக்கில் ஏறும். வாடையை அளக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே ஒரு வெற்று அறை, எதிரே ஒரு மனிதர். அவரை நோக்கி நடந்து, இதற்கு மேல் போக மனமில்லை என்னும் இடத்தில் பட்டனை அழுத்த வேண்டும். தெரிந்தவர்களிடம் மனிதர்கள் 45 செ.மீ. முதல் 1.2 மீட்டர் வரை விட்டு நிற்பதாக மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-ல் எழுதினார். அவர் பார்த்தது அமெரிக்கர்களை. நெரிசலில் வளர்ந்த நாம் இன்னும் கிட்டப் போவோம் என்று நினைத்தேன். நானும் முதலில் கிட்டத்தான் போனேன். பிறகு ஐசோவலேரிக் அமிலம் இருந்த குப்பியை மூக்குக்குக் கீழே வைத்தார்கள். கால் வேர்வையில் வருகிற அதே வாடை. அதே முகம், அதே சட்டை, ஆனால் கால் முன்னாலேயே நின்றுவிட்டது. வாடை குப்பியிலிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உடம்பு அதை எதிரே நின்றவர் கணக்கில் எழுதிவிட்டது.

முடிந்ததும் மாணவியிடம் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். 12 கேள்வியும் முகர்கிறவரின் அருவருப்பைத்தான் கேட்கின்றன. உங்களைப் பார்த்து யாராவது எழுந்து போயிருக்கிறார்களா, அதற்குப் பிறகு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு கேள்விகூட இல்லை. அதுவரை வந்தவர்களும் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள்தான். அவர் குறித்துக்கொண்டார், டேனரி ஆட்களைக் கூப்பிட முடியுமா என்றும் கேட்டார். வேலை நாளில் வந்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், போக வர ரயில் சார்ஜ் கொடுங்கள், நானே கூட்டி வருகிறேன் என்றேன். சரி என்றிருக்கிறார். அப்பாவிடம் பேசிவிட்டேன், அவரோடு வேலை பார்த்தவர்களிடம் இந்த வாரம் பேச வேண்டும்.